விரதம் முடிந்த மறுநாள்

மேசை நடுவில் கோழிப் பெரட்டல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் நண்டு. என் மனைவி விமலா காலையிலேயே கிள்ளான் பாசாருக்குப் போய், கூட்டத்தில் இடிபட்டு வாங்கி வந்த நண்டு.

பத்துமலையில் மகள் பால்குடம் எடுத்தாயிற்று. வீட்டில் இடும்பன் பூசையும் போட்டு விரதத்தை முடித்தாயிற்று. அதற்கு மறுநாள் மதியம். வாரக்கணக்கில் பருப்பும் கீரையும் தயிருமாக இருந்த வீடு. அன்று மசாலா வாசனை வாசல் கேட் வரைக்கும் போயிருந்தது.

“தர்ஷினி, வாம்மா. உனக்காகத்தான் செஞ்சேன். கால் துண்டு எடுத்து வச்சிருக்கேன்.”

மகள் வந்தாள். உட்கார்ந்தாள். சோற்றில் தயிரை ஊற்றிக்கொண்டாள்.

“இன்னும் என்ன தயிரு? விரதம் முடிஞ்சிருச்சு லா.”

“தெரியும்மா.”

“அப்புறம்?”

“நான் இப்படியே இருந்துடறேனே. விரதத்துலயே. இது ஈஸியா இருக்கு.”

விமலா சிரித்தாள். “என்ன, சந்நியாசம் வாங்கப் போறியா? உங்கப்பா அவ்வளவு சீக்கிரம் விடமாட்டாரு.” நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், அறைக்குப் போனாள்.

கதவு திறந்திருந்தது. விரதத்துக்காக விரித்த பாய் தரையிலேயே கிடந்தது. மெத்தை சுவரில் சாய்த்து வைத்தபடி இருந்தது. முந்தின நாளே அதைக் கீழே இறக்கிப் போட்டிருக்க வேண்டும். அவள் பாயில் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் கையில் நண்டுக் கால் இருந்தது. அதை உடைக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவளே வைத்துக்கொண்ட பெயர்

வாராவாரம் வரும் இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்குத் தெரியும், சில வாரங்களாக என் எழுத்து, நான் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பைவிட்டு நகரவில்லை. போன வாரம் தண்ணீர்க் குழாய்ச் சண்டையை எழுதியிருந்தேன். ஈப்போ வாசகர் ஒருவர், அந்தக் குழாய் இரண்டாவது வரிசையில் இல்லை, மூன்றாவது வரிசையில்தான் இருந்தது என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். அவர் சொல்வதே சரியாக இருக்கலாம். இந்த வாரம் குழாயை மூடி வைத்துவிட்டுக் கிட்டத்தில் நடந்ததை எழுதுகிறேன். இதை எழுதாமல் வேறு எதையும் எழுத வரவில்லை.

மகளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

“எழுதுங்க. ஆனா என் பேரப் போடாதீங்க.”

“வேற என்ன பேர் போடறது?”

யோசித்தாள். “தர்ஷினின்னு போடுங்க.”

“ஏன் தர்ஷினி?”

“என் கிளாஸ்ல ஒருத்தி இருக்கா. எனக்கு அவளப் பிடிக்காது.”

ஆகவே, அந்த முகம் தெரியாத தர்ஷினியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நேர்த்தி

விமலா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருப்பவள். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று வகுப்புக்குள் நுழையும்போதே சொல்லிவிடுவாள். நான் போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். எந்தக் கப்பல் எப்போது வரும், எந்தக் கொள்கலன் எங்கே சிக்கியிருக்கிறது என்பது என் வேலை. எங்கள் இருவருக்கும் கவனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

தர்ஷினி பதினாறு வயதில் நாலாம் படிவத்துக்கு வந்த பிறகு மதிப்பெண் குறைய ஆரம்பித்தது. ஹாக்கி குழுவிலிருந்து விலகினாள். கேட்டால், “போரிங்பா” என்றாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். ஒருநாள் விமலா கதவைத் தட்டாமல் உள்ளே போய்விட்டாள் என்று அவள் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வரைக்கும் கேட்டது. மறுநாள் அவர் என்னிடம், “பாஸ், எவ்ரிதிங் ஓகே?” என்றார். அவர் வீட்டிலும் அந்த வயதில் ஒருத்தி இருக்கிறாள். இருவரும் கேட்டருகில் நின்று தலையை ஆட்டிக்கொண்டோம். இந்த வயதுக்கே உள்ள கோணல் என்று பேசி முடித்தோம்.

சோகமாக இருந்தால் அழுவார்கள், முகம் வாடும் என்றுதான் எனக்குத் தெரியும். சோகம் கோபமாகவும் வரும், ‘போரிங்’ என்ற ஒரு வார்த்தையாகவும் வரும் என்பது தெரியாது.

விமலா முருகனிடம் நேர்ந்துகொண்டாள். பிள்ளைக்குப் படிப்பும் குணமும் பழையபடி ஆனால், தைப்பூசத்துக்கு அவள் கையால் பால்குடம். பிறகு, சரியான பிறகு எதற்கு, முதலிலேயே எடுத்துவிட்டால் சாமிக்கும் வேகம் வரும் என்று அவளே திருத்திக்கொண்டாள்.

மகள் மறுப்பாள் என்று பயந்துகொண்டே சொன்னோம். அவள் தலையாட்டினாள். அதோடு நிற்காமல், “எல்லாரும் தொடங்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நான் தொடங்கட்டுமா?” என்று கேட்டாள்.

விமலாவின் கண் நிறைந்துவிட்டது.

முகத்தில் ஒரு களை

விரதம் இருந்தவர்களுக்கு அதன் விதிகளைச் சொல்ல வேண்டியதில்லை. இருக்காதவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு வேளைச் சாப்பாடு, சைவம். மெத்தை இல்லை, தலையணை இல்லை, பாய். விடிவதற்குள் பச்சைத் தண்ணீரில் குளியல். கேளிக்கை வேண்டாம். வெளியே சுற்ற வேண்டாம். வீண் பேச்சு வேண்டாம். அலங்காரம் வேண்டாம்.

இதை இப்போது எழுதும்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

அவள் ஒரு வேளை சாப்பிட்டாள். சில நாள் அதுவும் இல்லை. தரையில் படுத்தாள். ஐந்து மணிக்கு எழுப்பப் போனால் ஏற்கெனவே விழித்துக் கிடப்பாள். கைப்பேசியைத் தொடவில்லை. தோழிகள் கூப்பிட்டால், “விரதத்துல இருக்கேன்னு சொல்லிருங்கம்மா” என்றாள். புதுத்துணி வேண்டாம் என்றாள். பேசவே இல்லை.

விமலாவின் அக்கா பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு முறை வந்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். வந்தவர் தர்ஷினியின் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

“பாரேன் விமலா, முகத்துல ஒரு களை! கண்ணுல என்ன சாந்தம்! என் வீட்லயும் ஒண்ணு இருக்கே, விரதம்னு சொல்லிட்டு மாமாக் கடையில முட்டை ரொட்டி திங்குது. கேட்டா முட்டை சைவம்தானேங்குது.”

“அவ தானா இருக்காக்கா. நான் ஒண்ணும் சொல்றதே இல்ல.”

“மெலிஞ்சிட்டா. ஆனா அழகாத்தான் இருக்கு.”

தர்ஷினி தாடையை மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். “பாத்தியா, புகழ்ச்சி கூடப் பிடிக்கல,” என்றார் அக்கா.

நானும் சும்மா இருக்கவில்லை. அலுவலகத்தில் மலாய்க்கார நண்பரிடம் என் மகள் இருக்கும் நோன்பைப் பற்றி விரிவாகச் சொன்னேன். அவர் மரியாதையோடு கேட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்றார். அன்று முழுக்க எனக்கு நல்ல மனநிலை.

மலைமேல்

கூட்டத்துக்குப் பயந்து பூசத்துக்கு முந்தின வாரமே ஒரு வேலைநாள் காலையில் போனோம். வெயில் ஏறவில்லை. அக்கா மஞ்சள் புடவையில் முன்னால் நடந்தார். தர்ஷினி தலையில் குடம், வாயில் வெள்ளைத்துணி கட்டியது போல மௌனம். படிகளில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. குரங்கு ஒன்று யாரோ விட்ட தேங்காய் மூடியைத் தூக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் எங்களோடு கூடவே வந்தது.

மேலே பாலை ஊற்றினார்கள். சுற்றி நின்றவர்கள் வேல் வேல் என்றார்கள். விமலா அழுதாள். தர்ஷினி அம்மாவின் பக்கம் திரும்பி, “முடிஞ்சிருச்சா?” என்று கேட்டாள்.

“முடிஞ்சிருச்சும்மா.”

“அவ்வளவுதானா?”

களைப்பு என்று நினைத்தோம். கீழே இறங்கி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

அதற்குப் பல வாரங்கள் கழித்து, மருத்துவமனையில் ஒரு சின்ன அறையில், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது அவள் சொன்னாள்: “மேல போனா சரியாயிரும்னு நெனச்சேன். அதுக்குத்தான் சீக்கிரமே தொடங்கினேன். மேல போனேன். ஒண்ணும் ஆகல.”

அம்மா ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். பிள்ளையும் யாருக்கும் சொல்லாமல் ஒன்று வைத்திருந்தாள். இரண்டும் ஒரே குடத்தில்தான் மேலே போயின.

டாக்டர் கேட்ட கேள்வி

கோழிக்கறி நாளிலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனோம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. போகவில்லை. நடுவில் சில வாரங்கள் ஓடின. விமலா கெஞ்சினாள், திட்டினாள், கண்ணேறு கழித்தாள். நான் சத்துமருந்து வாங்கி வந்தேன். காடியில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும்போது நல்ல விஷயங்களாகப் பேசினேன். அவள் கண்ணாடி வழியாக லோரிகளைப் பார்த்துக்கொண்டு வருவாள். கிள்ளானில் லோரிக்குக் குறைவில்லை.

பள்ளியின் ஆலோசகர், ஒரு மலாய் டீச்சர், கூப்பிட்டு அனுப்பினார். தர்ஷினி ஒரு தேர்வுத்தாளில் பெயரை மட்டும் எழுதிவிட்டு மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாளாம். டீச்சர் குற்றம் சொல்லவில்லை. “அவள் சோம்பேறி இல்லை ஐயா. சோம்பேறிப் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் இவ்வளவு களைப்பாக இருக்கமாட்டார்கள்,” என்றார் மலாயில். அவர்தான் வழி சொன்னார். முதலில் கிளினிக், அங்கிருந்து பெரிய மருத்துவமனை.

டாக்டர் இளம்பெண். நம் பெண்தான், தமிழ் கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தது.

“எப்போ இருந்து சரியா சாப்பிடல?”

“விரதம் டாக்டர். பால்குடம் எடுத்தா,” என்றாள் விமலா.

“ஓகே. விரதம் எப்போ முடிஞ்சது?”

சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கியது.

“விரதத்துக்கு முன்னாடி எப்படிச் சாப்பிட்டா?”

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பள்ளிக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வந்த நாட்கள் விமலாவின் நினைவுக்கு வந்தன. வகுப்புக்குள் நுழையும்போதே பசித்த பிள்ளையைக் கண்டுபிடிப்பவள், மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ விரதத்தாலதான் இப்படி ஆச்சா?” என்று கேட்டேன். யார் மேலாவது, எதன் மேலாவது போட வேண்டும் போலிருந்தது.

“இல்ல அங்கிள். முன்னாடியே இருந்திருக்கு. விரதம் வந்ததும் யாரும் கேட்கல, அவ்வளவுதான்.”

அங்கிள் என்றதில் எனக்கு வயது சட்டென்று ஏறிவிட்டது.

பிறகு எங்களை வெளியே உட்காரவைத்து மகளிடம் தனியாகப் பேசினார். திரும்ப உள்ளே அழைத்தபோது, எங்கள் முன்னாலேயே, சாவதைப் பற்றி நினைப்பதுண்டா என்று அவளிடம் கேட்டதாகவும், பதிலை எங்களிடம் சொல்ல அவள் சம்மதித்திருப்பதாகவும் சொன்னார். அந்தச் சொல்லை ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்லலாம் என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டால் புதிதாகத் தோன்றிவிடாது, கேட்காவிட்டால்தான் பிள்ளை தனியாக மாட்டிக்கொள்ளும் என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்த்தே.

தர்ஷினி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எதுவும் பண்ணிக்கணும்னு இல்லப்பா. தூங்கிட்டா, எழுந்திருக்காம இருந்தா பரவால்லன்னு தோணும். தினமும் இல்ல.”

தினமும் இல்லை என்பதை எனக்காகச் சேர்த்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

சுவர்ப்பக்கம்

என் அண்ணன் செரி கெம்பாங்கானில் இருக்கிறார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். எங்கள் குடும்பத்தில் அவரைவிட அதிகம் பேசும் ஆள் இல்லை. சாவு வீட்டில்கூட இரண்டு பேரையாவது பிடித்துவிடுவார். அவர் வருகிறார் என்றால் விமலா சமையலறையிலிருந்து வெளியே வரமாட்டாள்.

அவரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாக இடையில் புகுந்துவிடுவார். அன்று புகவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கறா?”

“சுவத்துப் பக்கம்ணே.”

“ம்.”

அதன் பிறகுதான் எனக்கு அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பில் எங்களுக்கு ஒரே அறை. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடிந்த பிறகு அண்ணன் அந்த அறைக் கட்டிலில் படுத்தவர், மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. தேர்வில் நன்றாகத்தான் செய்திருந்தார். பாதிப் பொழுது சுவர்ப்பக்கமே பார்த்துக் கிடப்பார். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். அம்மா கேட்பவர்களிடம் வயிற்றுவலி என்றார். எதிர்வீட்டுக்காரர்கள் காற்று சேஷ்டை என்றார்கள். தண்டவாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த அப்பா, ஒருநாள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் மேல் ஊற்றினார். அண்ணன் நனைந்தபடியே படுத்திருந்தார். அப்பா வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஆரம்பப்பள்ளி. எனக்குப் பெரிய வேடிக்கை, மெத்தையைத் தூக்கிக் காயப்போட்டது.

பிறகு எழுந்துவிட்டார். வேலைக்குப் போனார். கல்யாணம், பிள்ளைகள், இன்சூரன்ஸ். அந்த மாதங்களைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். தர்ஷினியின் அறைக் கதவைத் தட்டி, “பெரியப்பா உள்ள வரலாமா?” என்று கேட்டார். தரையில், பாய்க்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். முட்டி வலிக்காரர், கீழே உட்காருவதற்கே பாடுபட்டார். உட்கார்ந்து, பேசாமல் இருந்தார்.

நானும் விமலாவும் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. அண்ணன் வீட்டுக்குள் இருக்கும்போது கடிகாரச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெகுநேரம் கழித்து மகளின் குரல். “பெரியப்பா, நீங்க பேசலாம். பரவால்ல.”

“அப்பாடா,” என்றார் அண்ணன். “இல்லன்னா நான் செத்திருப்பேன்.”

உள்ளிருந்து ஒரு சிறிய சத்தம் வந்தது. சிரிப்பா, மூக்கை உறிஞ்சியதா என்று இருவருக்கும் விளங்கவில்லை. விமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அண்ணன் தன் முட்டி டாக்டரைப் பற்றித் தொடங்கிவிட்டார்.

கிளம்பும்போது கேட்டருகில் வைத்துக் கேட்டேன். “அப்ப நீ எப்படிண்ணே எழுந்தே?”

“தெரியலடா.” காடிச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். “யாராச்சும் கேப்பீங்கன்னு பாத்தேன். யாரும் கேக்கல. அப்புறம் ஒருநாள் பசிச்சுச்சு.”

மாத்திரையும் கயிறும்

மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டால் மறுநாள் எழுந்து ஓடுவாள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதல் சில வாரங்கள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மாத்திரையை எங்கள் அலமாரியில் பூட்டி வைத்து நாங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். விமலா பள்ளிக்குப் போகுமுன் கொடுப்பாள். வாரம் ஒரு முறை மனநல ஆலோசனைப் பேச்சுக்கு ஒரு அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்காமல் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது, நான் செய்த வேலைகளிலேயே கடினமானது.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தபோது, “எங்க காலத்துல கவலப்படறதுக்கே நேரமில்ல. இப்ப அதுக்கு ஒரு டாக்டரா?” என்றார். மறுநாளே பஸ் பிடித்துக் கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறோடு வந்தார். தர்ஷினி கையை நீட்டினாள். மருத்துவமனையில் டாக்டர் அந்தக் கயிற்றைப் பார்த்தார். விமலா அவசரமாக, “அது எங்கக்கா கட்டினது, மாத்திரை ஒழுங்கா குடுக்கறோம்,” என்றாள்.

“இருக்கட்டும் ஆன்டி. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க.”

இதை அக்காவிடம் சொன்னோம். “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு,” என்றார். அதற்குப் பிறகு அக்கா போனில் கேட்கும் முதல் கேள்வி, “மாத்திர சாப்பிட்டாளா?”

நேர்கோடாக ஏறிவிடவில்லை. நன்றாக இருந்தாள், தோழிகளோடு கடைத்தொகுதிக்குப் போனாள், நாங்கள் மூச்சு விட்டோம். பள்ளித் தேர்வு நெருங்கியதும் மறுபடி சுவர்ப்பக்கம். மறுபடி முதலிலிருந்தா என்று நான் டாக்டரிடம் கேட்டபோது என் குரலில் இருந்தது அக்கறையா அலுப்பா என்று எனக்கே சொல்லத் தெரியாது. முதலிலிருந்து இல்லை என்றார் அவர். இப்போது அவளுக்கு வழி தெரியும், உங்களுக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சில நாளைக்கு ஒரு முறை, காடியில், இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்பேன். “அந்த நெனப்பு வருதாம்மா?” முதல் தடவை கேட்டபோது நான் சமிக்ஞை விளக்கையே தவறவிட்டேன். இப்போது கேட்க வருகிறது. அவளும் சொல்கிறாள். “இல்லப்பா” என்று சொல்லும் நாளில் அதை நம்புவதற்குத்தான் நான் இன்னும் பழகவில்லை.

இந்த வருடம்

மறுபடி தைப்பூசம் வருகிறது. பிள்ளை எழுந்து நடமாடுகிறாளே, அதற்காக விமலா தானே பால்குடம் எடுக்கிறாள். நானும் அவளோடு விரதம். வீட்டில் மீன் இல்லை, கோழி இல்லை. இரண்டு பாய்கள்.

முதல் நாள் காலையில், விமலா தயங்கித் தயங்கி மகளிடம் கேட்டாள். “நீயும் இருக்கணும்னு ஆசப்பட்டா இரும்மா. கட்டாயம் இல்ல.” கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் எந்தப் பதிலுக்குப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் அதே பயம். இருக்கிறேன் என்று சொன்னால் ஒரு பயம், வேண்டாம் என்று சொன்னால் சாமிக்கு என்ன பதில் என்று இன்னொரு பயம்.

தர்ஷினி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“நான் இருக்கலைம்மா. நான் இருந்தா உங்களுக்குத் தெரியாது.”

“என்ன தெரியாது?”

“விரதமா, அதுவான்னு. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

விமலா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, “சரி, அப்ப உனக்கு முட்ட பொரிக்கட்டா? சட்டிய அப்புறம் கழுவிக்கறேன்,” என்றாள். விரதகாலத்தில் எங்கள் அடுப்பில் முட்டை ஏறியது அன்றுதான்.

கோழி மட்டும் அடுப்புக்கு வரவில்லை. அதற்கு ஒரு ஏற்பாடு. எங்கள் தாமான் குடியிருப்பில் வாரம் ஒரு நாள் சாயங்காலம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போடுவார்கள். நான் வேலை முடிந்து வந்ததும் அவளை அழைத்துக்கொண்டு நடப்பேன். ஒரு மலாய்க்கார அக்கா மஞ்சளும் மாவும் தோய்த்துக் கோழி பொரிக்கும் கடையின் பக்கத்தில் இரண்டு முக்காலிகள் கிடக்கும்.

போன வாரம் போனோம். அவளுக்கு நல்ல வாரம் இல்லை. இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். தலை வாராமல், பழைய ஹாக்கிச் சட்டையோடு வந்தாள்.

முக்காலியில் உட்கார்ந்தோம். அவள் கையில் கோழித் துண்டு, என் கையில் கரும்புச்சாறு. விமலாவின் அக்கா போனில் கூப்பிட்டார். கடைச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

“எங்க இருக்கீங்க?”

“பாசார் மாலாம்க்கா. பிள்ளைக்குக் கோழி வாங்கிக் குடுக்கறேன்.”

“ஐயோ! விமலா விரதத்துல இருக்கா, நீங்க விரதத்துல இருக்கீங்க, கூட உக்காந்துகிட்டுக் கோழியா? தீட்டு லா!”

“ஆமாக்கா.”

“சாப்பிடறாளா?” என்று கேட்டார், வேறு குரலில்.

“இப்பத்தான் வாங்கினோம்.”

“சரி, சரி. போன வைங்க. நீங்க பேசிக்கிட்டே இருந்தா அவ எப்படிச் சாப்பிடுவா?”

போனைப் பையில் போட்டேன். தர்ஷினி துண்டைக் கையில் வைத்தபடி இருந்தாள். எண்ணெய்க் காகிதம் அவள் விரலில் ஒட்டியிருந்தது. கடிக்கவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா.”

“என்னம்மா?”

“என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. நீங்களும் அம்மாவும். நான் சாப்பிடறது, தூங்கறது, குளிக்கறது, எல்லாத்தையும். எனக்கு டயர்டா இருக்குப்பா.”

அவள் சொன்னது கோபமாக இல்லை. என்னைப் போலவே களைத்த ஒரு ஆள் சொல்வது போல் இருந்தது.

“பின்ன என்னம்மா பண்ணட்டும்?”

“அந்தப் பக்கம் பாருங்க.”

முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எதிரே பழக்கடை. டுரியான் விற்பவர் ஒருவர் ஒரு சீனப் பாட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாழைப்பழப் பஜ்ஜிக்கு வரிசை. சைக்கிளில் இரண்டு பிள்ளைகள். எதையும் நான் பார்க்கவில்லை. முதுகு முழுவதும் காதாக உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் கொதிக்கும் சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. திரும்பிவிடக் கூடாது என்று கரும்புச்சாறுக் குவளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கரும்புச்சாறு தீர்ந்துவிட்டது. வெறும் பனிக்கட்டியை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

பின்னால், கோழித் தோல் மொறுமொறுவென்று உடையும் சத்தம் கேட்டது.

நான் திரும்பவில்லை.